துரையின் கதிரைக்குப் பூர்வீகம் எழுதுவது யார்?

ஒரு சிறிய அட்டைத் துண்டுக்காக இவ்வளவு கோபம் ஏன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை அலுவலகங்களில் படங்களுக்கு விளக்கம் எழுதிப் பிழைத்தவன் நான். படத்தில் இருப்பவரின் பெயரை மாற்றிப் போட்டால் மறுநாளே வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டாக வேண்டும். ஆனால் மலையகத்துப் பங்களா விடுதிகளிலும் கொழும்புப் பழம்பொருள் கடைகளிலும் தளபாடங்களின் கழுத்தில் தொங்குகின்ற அட்டைகளில் நாள்தோறும் பிழையான விளக்கம் எழுதப்படுகிறது. அதற்குத் திருத்தம் போடச் சொல்லி எவரும் கேட்பதில்லை. விக்டோரியா காலம், இங்கிலாந்து, 1870 என்று எழுதிவிட்டால் போதும். கதிரையின் விலை மும்மடங்காகிறது. அதைச் செய்தவன், சுமந்தவன், துடைத்தவன் எல்லோரும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஹட்டனில் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நண்பரின் தந்தை டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு மெத்தைக் கதிரையை வாங்கி வந்திருக்கிறார். உயர்ந்த முதுகு, இரு பக்கமும் காது வைத்தாற்போல் வளைந்த சிறகுகள், உருண்ட கைகள், கடைசல் பிடித்த முன்கால்கள். மேலே தவிட்டு நிற ரெக்ஸின் போர்த்து, அதுவும் வெடித்து, உள்ளிருந்து மஞ்சள் தூள் கொட்டிக் கொண்டிருந்தது. வீட்டைத் திருத்தும் வேலை தொடங்கியதும் கொழும்பிலிருந்து வியாபாரி ஒருவர் வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். தன்னுடைய அட்டையின் பின்பக்கத்தில் காலம், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதினார். 1870, லண்டன். மூன்றரை இலட்சம் ரூபா தருவதாகவும் சொன்னார். நண்பர் என்னை அழைத்து, "அண்ணன், வந்து ஒருக்கா பாருங்க" என்றார்.

நண்பரின் தாயார் சொன்ன ஒரு வாக்கியத்தை முதலில் பதிந்து வைக்கிறேன். "இவங்க அப்பா அதுல ஒரு நாளும் ஒக்காரல தம்பி. காசு குடுத்துத்தான் வாங்குனாரு. ஆனா ஒக்காரல."

எனக்கு மரவேலை தெரியாது. ஆனால் சாட்சியை விசாரிப்பது என் தொழில். ஆகவே டிக்கோயாவில் பட்டறை வைத்திருக்கும் பாஸ் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவருடைய பாட்டனார் மொரட்டுவையிலிருந்து தோட்டத்துப் பங்களாக்களுக்குத் தச்சு வேலைக்காக மலையேறி வந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். அவர் கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வியாபாரி அதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய மெத்தைக் கதிரையின் முகத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. முகம் மூன்று முறை, நான்கு முறை மாறியிருக்கும். அடிவயிற்றைப் பார்க்க வேண்டும்.

அடியில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அகற்றி, பின்சட்டத்தின் உட்புறத்தைப் பேனாக்கத்தியால் ஒரு நகமளவு சுரண்டினார். உள்ளே மஞ்சள். "கொஸ் மாத்தயா, கொஸ்" என்றார். கொஸ் என்றால் சிங்களத்தில் பலா. பலா மரம் வெட்டிய புதிதில் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பல ஆண்டுகளில் தேன் நிறமாகி, பிறகு அடர்ந்த செம்பழுப்பாகிறது. மெருகு பூசிய முன்கால்களை மட்டும் பார்ப்பவர் அதை மஹோகனி என்று நினைப்பார். இங்கிலாந்தில் செய்த மெத்தைக் கதிரைகளில் துணிக்குள் மறையும் சட்டங்களுக்குப் பெரும்பாலும் பீச் மரத்தையே போடுவார்கள். அது அங்கே மலிவு, ஆணியையும் நன்றாகப் பிடிக்கும். எவரும் பார்க்காத பின்சட்டத்துக்குப் பலாவைப் போடுகிற லண்டன் தச்சன் ஒருவன் இருந்திருந்தால், அவன் பலாக்கட்டையைக் கப்பலில் வரவழைத்து அதை ஒளித்து வைத்த விசித்திரப் பிறவியாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆணியும் திருகாணியும். பழைய கைவேலைத் திருகாணிகளின் நுனி மொண்ணையாக இருக்கும், தலையில் வெட்டிய கோடு நடுவை விட்டுச் சற்று விலகியிருக்கும். இயந்திரத்தில் செய்த கூர்நுனித் திருகாணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தன. வட்டமான கம்பி ஆணிகள் பரவியது அந்த நூற்றாண்டின் கடைசியில். இந்தக் கதிரையின் மூலைக் கட்டைகளில் இருந்தவை எல்லாம் கூர்நுனித் திருகாணிகள். பின்னால் அடித்தவை கம்பி ஆணிகள். அவை பிறகு அடித்தவையாகவும் இருக்கலாமே என்று நான் கேட்டேன். பாஸ் ஓர் ஆணியைப் பிடுங்கிக் காட்டினார். ஆணி இருந்த துளை ஒன்றுதான். அதற்கு முன்னர் வேறோர் ஆணி அங்கே இருந்த அடையாளமே இல்லை.

சட்டத்தின் ஓரங்களில் மெத்தைத் துணியை இறுக்கிய சிற்றாணிகளின் துளைகள் மூன்று வரிசையாக இருந்தன. மூன்று முறை போர்த்தப்பட்ட கதிரை என்று அர்த்தம். மேல் வரிசை ரெக்ஸினுக்கு உரியது. மஞ்சள் தூள் என்று சொன்னேனே, அது உதிர்ந்துபோன நுரை மெத்தை. அந்த வகைச் செயற்கை நுரை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவியது. ஆகவே அந்தப் போர்வை 1960களையோ அதற்குப் பின்னரையோ சேர்ந்தது. நடு வரிசையின் கீழே பூப்போட்ட பருத்தித் துணியின் கிழிசல்கள் சிக்கியிருந்தன. முதல் வரிசையில், ஒரு சிற்றாணியின் தலைக்கடியில் நாலைந்து சிவப்பு கம்பளி நூல்கள். அவ்வளவுதான் முதல் ஆடையில் மிஞ்சியது.

நுரைக்குக் கீழே பழைய வேலை அப்படியே இருந்தது. சணல் பட்டிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அவற்றின்மேல் சுருள்வில்கள் தைத்து, வில்களைச் சணல் கயிற்றால் எட்டுத் திசையிலும் இழுத்துக் கட்டி, அதன்மேல் சாக்குத்துணி விரித்து, அதன்மேல் திணிப்பு. இங்கிலாந்தில் அந்தத் திணிப்புக்குக் குதிரை மயிரைப் போடுவார்கள். இங்கே இருந்தது தென்னந்தும்பு. மேலாக மட்டும் விரற்கடை கனத்துக்கு மயிர், அதன்மேல் இலவம் பஞ்சு. தும்பை ஊறவைத்து, அடித்து, உலர்த்தி, உதிர்த்து இவ்வளவு சீராகத் திணித்த கை தென்மேற்குக் கரையில் பழகிய கையாகவே இருக்க வேண்டும்.

அந்தச் சாக்குத்துணியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது கடையில் கஜக் கணக்கில் வாங்கிய புதுத் துணி அன்று. பிரித்த சாக்கு. ஓரத்தில் பழைய தையல் துளைகள் தெரிந்தன. மங்கிய நீல மையில் இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணின் பாதியும் இருந்தன. மடிப்பைப் பிரித்தபோது பாஸின் உள்ளங்கையில் மூன்று உமி விழுந்தது. தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு அரிசியை நிர்வாகமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட அரிசி விலையோடு சேர்த்தே கூலியைப் பேசியது. லயத்துக்கு அரிசி அளந்து கொடுத்த பிறகு வெறுஞ்சாக்கு ஸ்டோரில் கிடந்திருக்கும். பங்களாவில் வேலை செய்த பாஸ் ஒன்றைக் கேட்டு வாங்கியிருப்பார். துரை உட்கார்ந்தது அந்தச் சாக்கின்மேல்தான்.

ஆகவே என் விசாரணை அறிக்கை இது. பலா மரத்தாலான சட்டம். தென்னந்தும்பும் இலவம் பஞ்சும் அடைத்த மெத்தை. தோட்டத்து அரிசிச் சாக்கு. வடிவம் மட்டும் இங்கிலாந்து. காலம் 1890க்கு முந்தியதாக இருக்க இயலாது. என் கணிப்பில் 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள். வேறொரு கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் இவ்வளவு பாரமான பொருளை மாட்டு வண்டியில் மலையேற்றி, வண்டிப் பாதை முடிந்த இடத்திலிருந்து ஆள்களின் தலையில் ஏற்றித்தான் பங்களாவுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகவே இல்லை என்று சொல்லமாட்டேன். பியானோவையே சுமந்த முதுகுகள் இவை. ஆனால் 1870இல் இந்தப் பகுதியில் பெரும்பாலான துரைமார் பலகைக் குடிசைகளில் இருந்தார்கள். கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிறகு வைத்த கதிரை வாங்கும் நேரம் அதுவன்று.

மொரட்டுவையும் கொழும்பும் தளபாடம் செய்யத் தெரியாத ஊர்களா? ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இந்தத் தீவின் தச்சர்கள் கருங்காலியிலும் முதிரையிலும் பலாவிலும் செய்த கதிரைகள் பேர்பெற்றவை. ஆர். எல். புரோகியர் 1969இல் ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் பெரும் தளபாட வணிகம் நடத்தியவர்களில் ஒருவர் டொன் கரோலிஸ் ஹேவாவிதாரண. அநகாரிக தர்மபாலவின் தந்தை. வெள்ளையனின் நடையையும் உடையையும் எதிர்த்து முழங்கிய மகனின் வீட்டுச் செல்வம், வெள்ளையனும் அவனைப் பார்த்து நம்மவரும் உட்கார்ந்த கதிரைகளில் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வரலாறு இப்படித்தான் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் புகுந்து வருகிறது.

இன்னொன்று. கீழ்நாட்டில் இத்தகைய மெத்தைக் கதிரை அறிவுக்கு ஒவ்வாத பொருள். அங்கே வெக்கைக்குப் பிரம்புதான். கைகளை நீட்டிக் காலைத் தூக்கிப் போடும் சாய்மனைக் கதிரையும், வட்டமான ஒல்லாந்துக் கதிரையும் பிரம்பு பின்னியவையே. தீவில் கணப்படுப்பு எரிந்த ஒரே பகுதி மலைநாடு. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும். கணப்பின் முன்னே உட்காருபவனின் காதிலும் கழுத்திலும் கதவிடுக்குக் காற்றுப் படாமலிருக்கவே அந்தச் சிறகுகள். ஆகவே சிறகு வைத்த மெத்தைக் கதிரையை இங்கிலாந்து அறையின் அசட்டுப் பிரதி என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. இந்தத் தீவில் அதற்கு ஒரு சொந்த ஊர் உண்டு. அந்த ஊர் எங்கள் ஊர்.

அப்படியிருக்க ஏன் அதை லண்டன்காரனாக்க வேண்டும்? விலைக்காக என்பது பாதி விடைதான். 'இங்கிலாந்து' என்ற சொல்லைக் கேட்டால் நமது வாங்குபவர்களின் கண் மூடிக்கொள்கிறது என்பது மீதி. எந்தச் சான்றும் கேட்பதில்லை. இதே மலைநாட்டில் மனிதர்களுக்கு என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்த தொழிலாளியைப் பார்த்து, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்றது. ஏழு இலட்சம் பேருக்கு மேல் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் கொழும்பும் புதுடில்லியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். சின்ன வயதில் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். மூட்டைகள், தகரப் பெட்டிகள், அம்மி, சுருட்டிய பாய். கதிரை ஒன்றைக்கூட நான் பார்த்த ஞாபகம் இல்லை.

மொரட்டுவைக்காரரின் கையில் பிறந்து மலைநாட்டில் நூறாண்டு வாழ்ந்த மரக்கட்டையை ஒரு சான்றும் கேட்காமல் ஆங்கிலேயன் என்று ஏற்றுக்கொண்டார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே புதைந்தவர்களின் பிள்ளைகளை, சான்று போதவில்லை என்று அந்நியர் என்றார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்துதான் அந்தக் கணக்கு முடிந்தது. கதிரைக்கும் பிரஜாவுரிமைக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். பூர்வீகத்தை எழுதும் பேனா எவர் கையில் இருக்கிறது?

சரி, பெயர்ப் பிழையோடு போயிற்றா? 'புதுப்பித்தல்' என்ற பெயரில் நடப்பது இதைவிட மோசம். பங்களாக்களை விடுதிகளாக்கும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் மலையகத்தில் வளர்ந்திருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகள். கட்டடங்கள் இடிந்து விழாமல் காப்பாற்றப்பட்டமைக்காக மகிழ்ச்சியடைகிறேன். பழைய இயந்திரங்களில் சிலவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைத்த ஹெதர்செட்டைப் பாராட்டவும் செய்வேன். ஆனால் பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியின் பின்கட்டில் நான் கண்ட காட்சி வேறு. ஆறு மெத்தைக் கதிரைகளைத் தோலுரித்துப் போட்டிருந்தார்கள். தும்பும் வில்களும் சாக்கும் குப்பைக் குழியில். சட்டங்களை இயந்திர அரத்தால் தேய்த்து, நூறு ஆண்டு அரக்கு மெருகைத் தூளாக்கி, பிளாஸ்டிக் வார்னிஷ் அடித்துக் காய வைத்திருந்தார்கள். பக்கத்தில் நுரைப் பாளங்களும் புதுச் செயற்கைத் தோலும். மாலையில் அவை வரவேற்பறையில் பளபளத்தன. பக்கத்தில் 'காலனியப் பாரம்பரியம்' என்ற பலகை.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. உதிரும் நுரை இந்த ஈரக் காற்றில் பதினைந்து இருபது ஆண்டு தாங்கினால் பெரிது. பழைய தும்பு நூறாண்டு தாங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் வார்னிஷ் ஒரு முறை அடித்தால் அடித்ததுதான். அரக்கு மெருகோ ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் ஒற்றினால் பிசுபிசுக்கும். அது அரக்கு என்பதற்கான சோதனையும் அதுவே. பழைய வச்சிரப் பசையும் அப்படித்தான். வெந்நீரும் சூடும் பட்டால் இளகிப் பொருத்து விட்டுக்கொடுக்கும், மறுபடி ஒட்டலாம். அந்தக் காலத்துத் தச்சன், தனக்குப் பின்னால் இன்னொரு தச்சன் வருவான் என்று எண்ணி வேலை செய்தான். இன்றைய ஒட்டுப்பசையும் வார்னிஷும் அடுத்த தச்சன் வரக்கூடாது என்று எண்ணிச் செய்யும் வேலை.

எங்கள் கதிரைக்குப் பாஸ் செய்தது இதுதான். ரெக்ஸினையும் நுரைத் தூளையும் அகற்றினார். தும்பையும் மயிரையும் வெளியே எடுக்காமல், வாய்க்கு மூடி கட்டிக்கொண்டு தூரிகையால் தூசி தட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்தார். ஹட்டனில் இரண்டு நாள் வெயில் கிடைக்கப் பதினொரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அறுந்த சணல் பட்டிகளை வெட்டியெறியாமல், அவற்றின் கீழே புதுப் பட்டி கொடுத்துத் தாங்கினார். கயிறு விட்டுப்போன வில்களை மட்டும் மறுபடி கட்டினார். ஆடிய காலைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி வச்சிரம் காய்ச்சி ஒட்டினார். உளுத்த இடம் பின்காலில் இரண்டு விரலளவு. அதில் பலாத்துண்டே ஒட்டுப் போட்டார், ஆனால் ஒட்டின் நிறத்தை மாற்றி மறைக்கவில்லை. "பொய் எதுக்கு மாத்தயா" என்றார். மெருகைத் தேய்க்கவில்லை, அழுக்கைத் துடைத்துத் தேன்மெழுகு பூசியதோடு சரி. மேலே வெள்ளைப் பருத்தித் துணி, அதன்மேல் மங்கிய சிவப்பில் கம்பளித் துணி. அந்த நாலைந்து நூலை வைத்து நிறம் பார்த்தோம். பின்புறத்தில் மட்டும் துணியை ஆணியடிக்காமல் நாடாவால் முடிந்தார். அவிழ்த்தால் தும்பும் சாக்கும் தெரியும்.

இவ்வளவும் கேட்ட ஒரு தொழிற்சங்கத் தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். "துரை உட்கார்ந்த கதிரையைத் தூக்கிப் பிடிக்கிறீரே, வெட்கமாக இல்லையா? லயத்துக் கூரை ஒழுகுது. அடுப்பில வைக்க வேண்டிய கட்டைக்கு வெயில் காட்டுறீரா?" அவரது கோபத்தில் நியாயம் இருக்கிறது. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலத்தில், பங்களாவில் ஒரே ஒரு மனிதனுக்கு ஒரு டஜன் கதிரைகள். பங்களா வாசலில் தொழிலாளி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். நின்றான் என்பதுதான் சொல். கதிரை என்பது எங்கள் சமூகத்தில் உட்காரும் பொருளாக இருந்ததில்லை, எதன் முன்னால் நிற்க வேண்டும் என்று காட்டும் பொருளாகவே இருந்தது. கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழையப் புடைவை வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது. பத்திரிகையாளன் என்று போனால் வாசலோடு விரட்டியிருப்பார்கள். 1936இல் மடுல்கெலையில் ரெலுகஸ் தோட்டத்துக்குச் சின்னத் துரையாக வந்த பிரேஸ்கேர்டில், தொழிலாளர்களோடு மனிதனாகப் பழகி வேலையிழந்தார். 1937 ஏப்ரலில் தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. கதிரையை விட்டு எழுந்து வந்த ஒரு வெள்ளையனையே பொறுக்காத ஒழுங்கு அது.

இவை எல்லாம் சரி, தோழரே. ஆனால் கதிரையை எரித்தால் எதை எரிக்கிறோம்? சாக்கை எரிக்கிறோம். அந்த மூன்று உமியை எரிக்கிறோம். துரைக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய படம் கிளப்பின் சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது. அவருடைய கடிதங்கள் லண்டன் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம்முடைய பங்குக்கு எஞ்சியவை இத்தகைய பொருள்களின் அடிவயிற்றில்தான் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக வைக்கப்பட்ட மக்களின் ஆவணம் காகிதத்தில் கிடைக்காது. லயத்துக் கூரை ஒழுகுவதற்கும் கதிரை காப்பாற்றப்படுவதற்கும் போட்டி இல்லை. கதிரையை எரித்த பணத்தில் எவரும் கூரை வேய்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த வேலையைச் சரியாகச் செய்யலாம் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பளைக்கு அப்பால் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் முயற்சி அது. அங்கே சட்டிபானையும் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் இருக்கின்றன. அதே கண்டிக்கருகே ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் இருக்கின்றன. இயந்திரம் ஓரிடத்தில், கூடை ஓரிடத்தில். கையையும் கருவியையும் பிரித்து வைத்திருக்கிறோம். நாற்பது மைல் தூரத்துக்குள் இரண்டு கதைகள்.

பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. பல பங்களாக்களில் துரை மாறும்போதெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்திட்ட சாமான் பட்டியல் புத்தகங்கள் இருந்தன. எத்தனை கதிரை, எத்தனை மேசை, எது உடைந்தது, எது பழுது பார்த்தது என்று எழுதிய புத்தகங்கள். 1975இலும் 1992இலும் நிர்வாகம் கை மாறியபோது சில குப்பைக்குப் போயின. எஞ்சியவை கரையான் அரிக்கும் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை ஆராய்ச்சி மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். பழுது பார்த்த பாஸ்மாரின் பெயர்கள் அவற்றில்தான் கிடைக்கக்கூடும். விடுதிக்காரர்களே, அடுத்த முறை கதிரையைத் தோலுரிக்குமுன் கவிழ்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். செலவு இல்லாத வேலை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து பங்களாவில் இரண்டு இரவு தங்கி, கணப்பின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் எம்மவர்களே, உட்காருங்கள், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள், உங்கள் பாட்டன்மார் நின்றதற்கும் சேர்த்து. ஆனால் பரிசாரகரை அழைத்து, இது என்ன மரம், யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வருமுன் விடுதி முகாமையாளர் விடை தேடத் தொடங்குவார்.

கொழும்பு வியாபாரி மறுபடி வந்தார். பின்புற நாடாவை அவிழ்த்துக் காட்டினோம். தும்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அப்ப இது லோக்கல் சாமான்" என்றார். ஒரு இலட்சத்துக்கு இறங்கி, பிறகு அதற்கும் மனமில்லாமல் போய்விட்டார். தான் எழுதிய அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

கதிரை ஹட்டனிலேயே இருக்கிறது. பிடுங்கிய பழைய சிற்றாணிகளும் சிவப்பு நூலும் உமியும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் அதன் அடியில் இருக்கின்றன. நான் எழுதிய அட்டையில் உள்ளது இவ்வளவுதான்: மெத்தைக் கதிரை. சட்டம் பலா. திணிப்பு தென்னந்தும்பு, குதிரை மயிர், இலவம் பஞ்சு. உட்சாக்கு தோட்டத்து அரிசிச் சாக்கு. செய்த இடம் இலங்கை, காலம் சுமார் 1900 முதல் 1930 வரை. மூன்று முறை போர்த்தது, நான்காம் முறை டிக்கோயாவில். கீழே பாஸின் பெயரை எழுதி அவரிடமே வாசித்துக் காட்டினேன். தன் பாட்டனாரின் பெயரையும் போட முடியுமா என்று கேட்டார். இந்தக் கதிரையை அவர்தான் செய்தார் என்பதற்குச் சான்று இல்லையே என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் வேண்டாம் என்று சொல்லி, அட்டையை வாங்கிக் கதிரையின் பின்காலில் கட்டினார்.